உப்புத் தண்ணீர் ஊரில் ஒரு செடித்தொட்டி

மீன்தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் நேராகக் கடைக்குப் போய்விடுகிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது வீட்டுத் தண்ணீரை. எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு லேசில் நுரைக்காது. காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படலம் கட்டும். கேரளம் என்றாலே மழை என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: பாலக்காட்டின் இந்தக் கிழக்கு மூலை மழை மறைவுப் பகுதி. ஊர்ப் பேச்சில் உப்புத் தண்ணீர் என்கிற கடினநீர் எங்கள் தலையெழுத்து. அதை மாற்றுவதற்குப் பணத்தைக் கொட்டாமல், அதிலேயே தழைக்கும் செடியையும் மீனையும் தேர்ந்தெடுத்தால் பாதிச் செலவு அங்கேயே மிச்சமாகிவிடும். என் தையல் கடை மேசையில் இருக்கும், நீர்ச்செடி நட்ட தொட்டிக்கு, மீன் உட்பட, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள்தான் ஆனது. அளவு கொடுக்க வருகிறவர்கள் இதை நம்புவதில்லை.

தொட்டியைக் கண்ணாடிக் கடையில் வெட்டி வாங்கி நாமே ஒட்டிவிடலாம். 45 செ.மீ. நீளம், 25 அகலம், 30 உயரம் போதும். 5 மி.மீ. கண்ணாடியில் அடிக்கு 45×25 ஒன்று, முன்னும் பின்னும் 45×30 இரண்டு, பக்கங்களுக்கு 24×30 இரண்டு. பக்கத் துண்டு 25 அல்ல, 24. முன் பின் கண்ணாடிகளின் கனம் ஆளுக்கு அரை சென்டிமீட்டர் தின்றுவிடும். துணியில் தையலுக்குக் கூட்டி வெட்டுவோம். இங்கே கழித்து வெட்ட வேண்டும். விளிம்புகளைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விரல் கிழியும். மீன்தொட்டிக்கென்று விற்கும் சிலிக்கான் பசையையே வாங்குங்கள். குளியலறைக்கு விற்பதில் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்திருக்கும். மீனுக்கு அது ஆகாது. ஒட்டிய பிறகு புளித்த காடி வாடை அடிக்கும். அந்த வாடை அறவே போகும்வரை, குறைந்தது இரண்டு மூன்று நாள், தண்ணீர் விட வேண்டாம். நிறைந்த தொட்டி மண்ணோடு சேர்ந்து நாற்பது கிலோவைத் தாண்டும் என்பதால் பிளாஸ்டிக் ஸ்டூலை நம்பாதீர்கள். உறுதியான மேசையில் ஒரு தெர்மாகோல் தகட்டை விரித்து அதன்மேல் வையுங்கள். மேசையின் மேடுபள்ளத்தை அது வாங்கிக்கொள்ளும்.

இனி மண். கடையில் பையில் விற்கும் தொட்டி மண்ணின் விலையைக் கேட்டால் அந்தக் காசில் ஒரு தென்னங்கன்று வாங்கி நட்டுவிடலாம் என்று தோன்றும். தோட்டத்து மண்ணே போதும். ஆனால் எந்தத் தோட்டத்து மண் என்பதில்தான் சூட்சுமம். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் கரிசல் மண் உண்டு. கேரளத்தில் வேறெங்கும் பெரிதாகக் காணக் கிடைக்காத மண் அது. பருத்திக்கும் நிலக்கடலைக்கும் நல்லது, தொட்டிக்கு ஆகாது. அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், ஏற்கெனவே கடினமான தண்ணீரை இன்னும் கடினமாக்கும்; களித்தன்மையால் தொட்டதும் கலங்கும். செம்மண் எடுங்கள். அதில் இருக்கும் இரும்புச் சத்து செடிக்கு வேண்டியதும்கூட. அண்மையில் சாணமோ உரமோ போட்ட இடத்து மண் வேண்டாம். மண்ணைச் சலித்து, வாளியில் ஊறவிட்டு, மிதக்கும் சருகை வடித்துக் கொட்டி, வெயிலில் காயவைத்து, மறுபடி ஊறவிடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் தண்ணீரைப் பழுப்பாக்கும் சக்கை போய்விடும்.

மண்ணுக்கு மேலே போடும் பொடிக்கல்லுக்கும் காசு வேண்டாம். கட்டட வேலை நடக்கும் வீட்டில் மணல் சலித்த பிறகு ஓரமாக ஒதுக்கியிருப்பார்கள், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில் இருப்பதைப் பொறுக்கி, கழுவிய தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். பிறகு ஒரு கைப்பிடி எடுத்து அதன்மேல் வினிகரை விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சிப்பியோ சுண்ணாம்புக் கல்லோ கலந்திருக்கிறது, தள்ளிவிடுங்கள். கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டையும் நான் தவிர்க்கிறேன். அதன் மாவு வேர்ப்பக்கம் இறுகிக்கொள்கிறது.

ஈரமான செம்மண்ணை இரண்டு செ.மீ. பரப்பி, அதன்மேல் பொடிக்கல்லை மூன்று செ.மீ. போடுங்கள். கண்ணாடியை ஒட்டிய ஓரத்தில் மண் எட்டிப்பார்த்தால் பாசி அங்கிருந்துதான் தொடங்கும். அந்த விளிம்பைக் கல்லால் மூடிவிடுங்கள். கல்லின் மேல் ஒரு தட்டை வைத்து, தட்டின்மேல் மெல்லத் தண்ணீர் விட்டு, நான்கு விரல் உயரம் வந்ததும் நிறுத்திச் செடியை நடலாம். இதற்குக் கடையில் நீளமான இடுக்கி விற்கிறார்கள். ஓவர்லாக் மெஷினுக்கு நூல் கோக்கும் முனை வளைந்த இடுக்கி அதே வேலையைச் செய்யும். தண்டின் அடியைப் பிடித்து, சாய்வாக உள்ளே இறக்கி, கல்லுக்குள் வைத்தே இடுக்கியை லேசாகத் திறந்து, பக்கவாட்டில் உருவுங்கள். நேராக மேலே இழுத்தால் செடியும் கூடவே வந்துவிடும்.

எந்தச் செடி? இங்கேதான் தண்ணீருக்கு மரியாதை கொடுக்க வேண்டும். நாடாப்போல் நீளும் வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா, கொத்துக்கொத்தாக மிதக்கும் செரட்டோஃபில்லம் ஆகியவை கடினநீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால், சிரித்துவிட்டு நகருங்கள். இலங்கையைச் சேர்ந்த கிரிப்டோகோரைன் வெண்டியையும் தாராளமாக வைக்கலாம். நட்ட புதிதில் அதன் இலைகள் கரைந்து விழும், பதறிப்போய்ப் பிடுங்காதீர்கள், வேரிலிருந்து புதிதாக வரும். சிவப்பாக ஜொலிக்கும் ரோட்டாலா மக்ரான்ட்ரா நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் செடிதான், ஆனாலும் அது மென்னீரும் நல்ல வெளிச்சமும் கேட்கும். சொந்த ஊர்க்காரர் ஆயிற்றே என்று அதற்கு இருநூறு ரூபாய் அழ வேண்டாம்.

ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டையும் மண்ணில் புதைக்கக் கூடாது, கிழங்கு அழுகிவிடும். கொதிக்கவைத்து ஆறிய தேங்காய்ச் சிரட்டையிலோ கல்லிலோ பருத்தி நூலால் கட்டுங்கள். வேர் பிடிக்கும் நேரத்தில் நூல் தானே மட்கிவிடும். பாலியெஸ்டர் நூல் அப்படியே நின்று, செடி வளர வளரத் தண்டை அறுக்கும். நூலில் எது எது என்று தெரியாவிட்டால் நுனியைக் கொளுத்திப் பாருங்கள். சாம்பலானால் பருத்தி, உருண்டு இறுகினால் பாலியெஸ்டர்.

வாங்கி வந்த செடியில் நத்தை முட்டை இருக்கலாம். லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி படிகாரம் கரைத்து இரண்டு மணி நேரம் ஊறவிட்டு நன்றாக அலசினால் பெரும்பாலும் ஒழியும். வாய்க்காலில் பறித்த செடியென்றால் கூடுதல் கவனம் வேண்டும். தட்டான் பூச்சியின் இளம்புழு அதில் ஒளிந்து வந்து குஞ்சுகளைத் தின்றுவிடும்.

விளக்குக்கு 9 வாட் வெள்ளை எல்.இ.டி. பல்பு ஒன்று போதும். 6500 கெல்வின் என்று அட்டையில் போட்டிருப்பதை வாங்கி, நாளுக்கு ஏழு மணி நேரம் எரியவிடுங்கள். ஒயர் பிளக்குக்குப் போகுமுன் ஓர் இடத்தில் தாழ்வாகத் தொங்கட்டும். அதன்வழி ஓடிவரும் தண்ணீர் பிளக்குக்குள் இறங்காமல் அங்கேயே சொட்டிவிடும். சிறிய காற்று மோட்டாரும் பஞ்சு ஃபில்டரும் இருநூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும்.

பிறகு மீன் விடாமல் காத்திருக்க வேண்டும். புது மண் அம்மோனியாவை விடும். அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இது எல்லா ஊருக்கும் பொது. ஆனால் காரத்தன்மையும் வெப்பமும் கூடக்கூட அம்மோனியாவின் நஞ்சும் கூடும் என்பதால், உப்புத் தண்ணீரும் பாலக்காட்டு வெயிலும் சேர்ந்த எங்கள் ஊரில் அவசரப்படுகிறவரின் மீன்தான் முதலில் சாகும். முதல் வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் பாதித் தண்ணீரை மாற்றுங்கள், அடுத்து வாரம் ஒருமுறை. பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரானால் வாளியில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். கண்ணாடியில் பழுப்பாகப் பொடி படியும்; துடைத்துவிட்டால் போதும், தானாக அடங்கும்.

மீனென்றால் கப்பிதான். கடினநீர் அதற்குப் பிடித்தமானது. இந்த அளவுத் தொட்டியில் ஆறு ஆண் கப்பிகள் அழகாக நீந்தும். ஒரு பெண் கப்பி சேர்ந்தால் சில மாதத்தில் தொட்டி நிறைந்துவிடும். கடையில் சிவப்புக் கோடும் கறுப்புக் கோடுமாக ‘மிஸ் கேரளா’ குட்டிகளைக் காட்டுவார்கள். 1865இல் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே அதை விவரித்து, அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் டெனிசனின் பெயரைச் சூட்டினார். அழகில் குறையில்லை. ஆனால் அது ஓடும் ஆற்றில் கூட்டமாகத் திரியும் மீன், அரை அடிவரை வளரும், அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்டதும்கூட. ஒன்றரை அடித் தொட்டியில் அதை அடைப்பது கொடுமை.

மார்ச், ஏப்ரலில் மேசை விசிறியை நீர்ப்பரப்பின்மேல் வீசும்படி திருப்பி வையுங்கள். நீர் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆவியாவது வெறும் நீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் குறைந்ததை ஈடுகட்டப் பிடித்து வைத்த மழைநீரையே ஊற்றுங்கள்.

கத்தரித்த செடியை வாய்க்காலில் எறிய வேண்டாம். 2020இல் கோழிக்கோட்டு ஆவளப்பாண்டி வயல்வெளியில் ஓடை முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்ததைப் பார்க்கக் கூட்டம் கூடியது நினைவிருக்கும். அது தென் அமெரிக்காவிலிருந்து மீன்தொட்டிச் செடியாக வந்த கபோம்பா. நான் வெட்டியதை மாடியில் காயப்போட்டுத் தென்னை மூட்டில் கொட்டிவிடுகிறேன். மிஞ்சும் கப்பிகளை மீன் கடைக்காரரே வாங்கிக்கொள்கிறார். காசாகத் தருவதில்லை, தீனிப் பொட்டலமாகத் தருகிறார்.