டென்சிட்டி சென்சாரில் கைவைக்கும் முன்

சிங்கப்பூரின் ஜூரோங் தீவு எண்ணெய் டேங்குகளில் டீசல் பெரும்பாலும் 30 டிகிரியை ஒட்டியே இருக்கும். டென்சிட்டி சென்சார் அளப்பது அந்தச் சூட்டில் உள்ள அடர்த்தியை; லேப் ரிப்போர்ட்டில் வருவதோ 15 டிகிரிக்கு மாற்றிய அடர்த்தி. டிகிரிக்கு ஏறத்தாழ 0.7 கிலோ/கனமீட்டர் வீதம் 10 கிலோ வித்தியாசம் வந்துவிடும். இது புரியாமல் நல்ல சென்சாரைத் 'திருத்தி'க் கெடுப்பவர்கள்தான் அதிகம்.

சென்சார் ஃபோர்க் வகையென்றால் (திரவத்துக்குள் அதிரும் இரு முனைக் கவை), வேலை பெர்மிட் வாங்கிக் கழற்றி, கரைப்பான் நனைத்த மென்துணியால் துடைத்து, உலர்ந்தபின் காற்றில் பாருங்கள்: 1.2 கிலோ/கனமீட்டர் அளவில் நிற்க வேண்டும். கூடினால் பிசுக்கு மிச்சம் இருக்கிறது. சுரண்டவே கூடாது.

ஒப்பிடும் சாம்பிளை சென்சார் மட்டத்திலேயே எடுங்கள். சரக்கு ஏற்றிய கையோடு வேண்டாம், குமிழி அடங்கட்டும். ஹைட்ரோமீட்டரை (சாம்பிளில் மிதந்து அடர்த்தி காட்டும் கருவி) படிக்கும்போதே ஜாடியின் வெப்பநிலையையும் குறியுங்கள். ஏசி லேபில் அது மளமளவென்று இறங்கும். பல சாம்பிள்களிலும் வித்தியாசம் ஒரே அளவாக வந்தால் மட்டும் ஆஃப்செட்டை, அதாவது சென்சார் அளவோடு கூட்டிக் கழிக்கும் திருத்த எண்ணை, தொடுங்கள்.