செங்டூவிலிருந்து ஆகன்: முதல் மாதத்தை ஓட்டுவது எப்படி?

ஜெர்மனியின் மேற்கு மூலையில், பெல்ஜியமும் நெதர்லாந்தும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர் ஆகன். பொறியியல் படிக்கச் சீன மாணவர்கள் நிறைய வருவார்கள். நான் விடுதியில் இருந்தபோது எதிர் அறைக்குச் செங்டூவிலிருந்து ஒரு தோழி வந்து சேர்ந்தாள். அவள் பட்ட பாட்டை வைத்துத்தான் இந்த வரிசையை எழுதுகிறேன். நம்மூரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கும் முக்கால்வாசி இதேதான். கல்விச் சான்றுகளைச் சரிபார்க்கும் ஏபிஎஸ் நடைமுறை சீனர்களுக்கு 2001-லிருந்தே உண்டு; நமக்கு 2022 நவம்பரில் வந்தது.

படி 1: கிளம்பும் முன்

பழைய சிம்மை மூடிவிடாதீர்கள். வங்கி, சீனர்கள் போனில் பணம் கட்டும் அலிபே, வீசாட் செயலிகள் என எல்லாவற்றுக்கும் ஓடிபி சீன எண்ணுக்குத்தான் வரும். குறைந்த கட்டணத் திட்டத்துக்கு மாற்றி, ரோமிங்கைத் திறந்து வையுங்கள்.

விசாவுக்குக் காட்ட வேண்டிய முடக்கக் கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோ போட வேண்டும். அதிலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். சீனாவில் ஒருவர் ஆண்டுக்கு 50,000 டாலர் வரை அந்நியச் செலாவணி மாற்றலாம் என்பதால் இதில் சிக்கல் இல்லை.

ரைஸ் குக்கரைத் தாராளமாகத் தூக்கி வரலாம். அங்கே 220 வோல்ட், இங்கே 230. பிளக்குக்கு மட்டும் நல்ல அடாப்டர் வேண்டும். மிளகாய் விழுது வரலாம், இறைச்சி வரக் கூடாது. அம்மா கட்டிக் கொடுத்த உலர் சாசேஜை அவள் விமான நிலையத்திலேயே அப்பா கையில் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம்.

படி 2: தபால் பெட்டியில் பெயர் ஒட்டுங்கள்

இதைத்தான் எல்லோரும் அலட்சியம் செய்கிறார்கள். ஜெர்மனியில் தபால்காரர் பார்ப்பது பெட்டியில் இருக்கும் பெயரை. பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். வங்கி அட்டை, அதன் ரகசிய எண், வரி எண் எல்லாமே கடிதமாகத்தான் வரும்.

என் தோழியின் குடும்பப் பெயர் வாங். சீனாவில் அந்தப் பெயரில் பல கோடிப் பேர் இருக்கிறார்கள்; எங்கள் விடுதியில் ஏற்கெனவே இரண்டு பேர். அவளும் வெள்ளை டேப்பில் ‘வாங்’ என்று மட்டும் எழுதி ஒட்டினாள். ரகசிய எண் வந்த உறை மூன்றாம் மாடி வாங்கிடம் போய், அவர் அதை ஒரு வாரம் மேசையில் வைத்திருந்தார். அப்புறம் டேப்பைக் கிழித்துவிட்டு முழுப்பெயரை எழுதினாள். சீனத்தில் குடும்பப் பெயர் முன்னால் வரும், ஜெர்மன் கடிதங்களில் பின்னால் வரும். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு வரிசையிலும் எழுதி, அறை எண்ணையும் சேர்த்துவிட்டாள்.

படி 3: முகவரிப் பதிவு

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. நீங்கள் குடிவந்ததாக வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தனிப் படிவம் வேண்டும். சாவி வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். நேரம் கிடைக்கத் தாமதமாகும், அதனால் முன்பதிவை முதலிலேயே செய்வது நல்லது.

பதிந்த சில வாரங்களில் பொது வானொலி, தொலைக்காட்சிக்கான கட்டணக் கடிதம் வரும். மோசடி என்று அவள் குப்பையில் போட்டாள். மோசடி இல்லை. மாதம் 18.36 யூரோ, டிவி இல்லாவிட்டாலும் கட்டத்தான் வேண்டும். ஆனால் கணக்கு வீட்டுக்குத்தான், ஆளுக்கு இல்லை. வீட்டைப் பகிர்பவர்கள் ஒருவர் கட்டி மற்றவர்களிடம் பங்கு வாங்கிக்கொள்ளலாம்.

படி 4: காப்பீடு, வதிவிட அனுமதி

மருத்துவக் காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகச் சேர்க்கை முடியாது. வதிவிட அனுமதிக்கு, விசா காலாவதியாகும் முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

படி 5: காசும் வெந்நீரும்

காய்கறிக்குக்கூட போனை நீட்டிப் பழகியவர்கள், பையில் இருபது யூரோவாவது ரொக்கம் வைத்திருங்கள். சில பேக்கரிகளில் அட்டைகூட எடுக்க மாட்டார்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் பிடிப்பார்கள். காலி பாட்டிலைக் கடை இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும்.

சீனர்களுக்கு நாள் முழுக்க வெந்நீர் வேண்டும். ஆகனில் எலிசென்புருனென் ஊற்றில் சுடச்சுடத் தண்ணீர் கொட்டுகிறது, ஆனால் அழுகிய முட்டை நாற்றம், குடிக்கவும் கூடாது. கெட்டில் ஒன்று வாங்கிவிடுங்கள். சனிக்கிழமைக்குள் வாங்குங்கள், ஞாயிறன்று கடை திறக்காது.