பள்ளிக்குப் பக்கத்தில் ஆயிரம் வீடுகள்: பெற்றோரும் தலைமையாசிரியரும் தவறவிடும் கணக்குகள்

பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஊர்களில் 'இங்கே 1,000 வீடுகள்' என்று பலகை நட்டதும், பக்கத்துப் பள்ளியில் எழும் முதல் கேள்வி 'எத்தனை பிள்ளைகள் புதிதாக வந்து சேருவார்கள்?' என்பதுதான். அந்தக் கேள்விக்கு இன்னும் மூன்று நான்கு வருடம் இருக்கிறது. முதலில் வருவது லாரி. அடுத்து, கட்டடம் கட்ட வந்தவர்களின் பிள்ளைகள். வீடு வாங்கியவர்களின் பிள்ளைகள் கடைசியாகத்தான் வருவார்கள். இந்த வரிசை புரியாமல் எழுதும் மனுக்கள் பெரும்பாலும் காலம் தப்பியே போய்ச் சேருகின்றன.

லாரியை எண்ணாமல் விடுவது

மண் தோண்டும் கட்டம்தான் பள்ளிச் சாலைக்கு மிக மோசமான காலம். கணக்கு எளிது. இரண்டரை ஏக்கர், அதாவது 10,000 சதுர மீட்டர் பரப்பில் ஒரே ஒரு தரைகீழ்த் தளத்துக்கு 4 மீட்டர் ஆழம் தோண்டினால் 40,000 கன மீட்டர் மண். வெட்டிய மண் பொங்கும். கால் பங்கு கூட்டினால் 50,000. பத்துச் சக்கர டிப்பர் ஒன்று சுமார் 15 கன மீட்டர் ஏற்றும். ஆக 3,300 நடைக்கு மேல். இரண்டு மாதத்தில் முடிப்பார்கள் என்று வைத்தால் நாளைக்கு 55 நடை. வருவதும் போவதும் சேர்ந்து 110. பத்து மணி நேர வேலையில் ஐந்தரை நிமிடத்துக்கு ஒரு டிப்பர் பள்ளி வாசலைக் கடக்கும். அதன்பிறகு கான்கிரீட் லாரிகள். ஒரு லட்சம் சதுர மீட்டர் கட்டடத்துக்கு ஏறத்தாழ 40,000 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். லாரிக்கு 6 கன மீட்டர் வீதம் 6,000 நடைக்கும் மேல். ஆனால் இது இரண்டு மூன்று வருடத்தில் பரவிவிடும். மண் லாரி அப்படிப் பரவாது, மொத்தமாக வரும்.

இதைத் தடுக்கக் கேட்கும் நேரத்திலும் ஒரு தவறு நடக்கிறது. 'காலை 8 முதல் 9 வரை லாரி வரக்கூடாது' என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதே சாலையில் தனியார் பள்ளிக்கு மணி 8 மணிக்கே அடிக்கும். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 9 மணிக்கு வருவார்கள். மாலையிலும் அப்படித்தான்: மூன்று மணிக்கே ஒரு கூட்டம், நாலேகாலுக்கு இன்னொன்று. சாலையில் உள்ள எல்லாப் பள்ளிகளின் நேரத்தையும் சேர்த்து எழுதினால்தான் தடை பயன் தரும். 7.30 முதல் 9.30, 2.45 முதல் 5.00 என்று கேளுங்கள். கூடவே, தடை நேரத்தில் லாரிகள் எங்கே காத்திருக்கும் என்பதையும் எழுத வேண்டும். இல்லையென்றால் அவை பள்ளிச் சுவர் ஓரத்தில் வரிசையாக நிற்கும். பிள்ளைகள் லாரிகளுக்கு இடையிலிருந்து சாலையில் இறங்குவார்கள். ஓடும் லாரியைவிட இது பெரிய ஆபத்து.

வேகத்தைப் பற்றி ஒரு சிறு கணக்கு. ஓட்டுநர் பார்த்துப் பிரேக் மிதிக்க ஒன்றரை வினாடி. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பாரலாரி முழுதாக நிற்க ஏறத்தாழ 29 மீட்டர் ஆகும். 25 கிலோமீட்டரில் 15 மீட்டர் போதும். சாலையில் களிமண் படிந்து தூறலும் விழுந்தால் இந்த எண்கள் எதற்கும் உத்தரவாதம் கிடையாது. டயரில் ஒட்டிய சேறு வளாக வாசலிலிருந்து பல மீட்டர் தூரம் தார்ச் சாலையில் பரவும். சிந்திய ஜல்லியும் எம்-சாண்டும் வேறு. பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்து வரும் இருசக்கர வாகனம் சறுக்குவது அங்கேதான். எனவே கட்டுநரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை: வாசலுக்குள்ளேயே டயர் கழுவும் இடம், பாரத்தின் மேல் தார்ப்பாய், தினம் இரண்டு முறை சாலைப் பெருக்கல், பள்ளி நேரம் முழுக்கச் சாலையில் நிற்கும் இரண்டு கொடிக்காரர்கள், லாரி வாசல் பள்ளி வாசலுக்கு எதிரே வராது என்ற உறுதி. ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும் என்றால் கடைசியானதைக் கேளுங்கள். டிப்பரின் இடது முன்மூலையை ஒட்டி நிற்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஓட்டுநர் கண்ணில் படவே படாது. கிளீனர் இல்லாமல் ஓடும் லாரியில் அதைப் பார்த்துச் சொல்லவும் ஆள் இல்லை.

கட்டடம் எழும்பிய பிறகு ஆவணம் தேடுவது

'பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும், அங்கே பேசிக்கொள்ளலாம்' என்று காத்திருப்பவர்கள் ஏமாறுவார்கள். 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டப்படும் திட்டங்களுக்கு 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன்அனுமதி வேண்டும். ஆனால் கட்டுமானத் திட்டங்களுக்கு அதே அறிவிக்கை கருத்துக் கேட்பிலிருந்து விலக்குக் கொடுத்திருக்கிறது. கூட்டமே கிடையாது.

அனுமதிக் கடிதம் பொது ஆவணம். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் கிடைக்கும். அதில் தூசி, இரைச்சல், போக்குவரத்து, மழைநீர் குறித்த நிபந்தனைகள் வரிசையாக இருக்கும். அவற்றைக் கடைப்பிடித்ததாக ஜூன் 1, டிசம்பர் 1 என ஆண்டுக்கு இரு முறை கட்டுநர் அறிக்கை தர வேண்டும். 'தூசி தாங்கவில்லை' என்று எழுதும் மனுவை ஓரமாக வைத்துவிடலாம். 'அனுமதிக் கடிதத்தின் இத்தனாவது நிபந்தனை மீறப்பட்டுள்ளது' என்று எழுதினால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். இரைச்சலுக்கும் இதே வழிதான். 2000ஆம் ஆண்டின் விதிகள் பள்ளியைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்க இடம் தருகின்றன. அங்கே பகல் வரம்பு 50 டெசிபல். பைலிங் (அடித்தளத் தூண்களை மண்ணில் இறக்கும் வேலை) எந்த மாதத்தில் என்று முன்பே கேட்டால், பொதுத்தேர்வு நடக்கும் மார்ச்சைத் தவிர்க்கச் சொல்லலாம். எந்திரம் இறங்கிய பிறகு அதை யாரும் நிறுத்த மாட்டார்கள்.

திறந்தவெளி ஒதுக்கீட்டிலும் பலருக்குக் குழப்பம். தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் 10 சதவீத நிலத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் கொடுக்க வேண்டும். அது பூங்காவுக்கும் விளையாட்டுக்குமான இடம். 'பள்ளி கட்ட அந்த நிலத்தைத் தாருங்கள்' என்று கேட்பது வீண். வேறொன்றைக் கேட்கலாம்: அந்த நிலம் பொதுச் சாலையைப் பார்த்து இருக்கட்டும், பள்ளிக்குப் பக்கமாக இருக்கட்டும். வளாகத்தின் பின்மூலையில், காவலாளியைத் தாண்டிப் போக வேண்டிய இடத்தில் ஒதுக்கிவிட்டால் பள்ளிப் பிள்ளைக்கு அது இல்லாத மாதிரிதான்.

'அவர்கள் பிள்ளைகள் தனியார் பள்ளிக்குத்தானே போவார்கள்'

வீடு வாங்குபவர்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் உண்மை. ஆனால் தகரக் கொட்டகையில் தங்கும் கட்டுமானத் தொழிலாளர்களின் பிள்ளைகளும், பிறகு அங்கே வீட்டு வேலைக்கும் காவலுக்கும் வரும் குடும்பங்களின் பிள்ளைகளும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்குத்தான் வருவார்கள். ஒடியாவும் இந்தியும் வங்காளமும் பேசும் பிள்ளை, பிறப்புச் சான்றிதழும் பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழும் இல்லாமல் ஆகஸ்டிலோ நவம்பரிலோ வந்து நிற்கும். 'ஆவணம் கொண்டு வாருங்கள், சேர்த்துக்கொள்கிறோம்' என்று திருப்பி அனுப்புவது சட்டப்படியே தவறு. கல்வி உரிமைச் சட்டத்தில் வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்க முடியாது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதும் காரணம் ஆகாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். திருப்பி அனுப்பிய பிள்ளை நாள் முழுக்கக் கம்பியும் பள்ளமும் நிறைந்த வேலையிடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். 50 பெண் தொழிலாளர்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பக அறை வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் சொன்னது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் காப்பகத்துக்கு இடம் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழு இதையும் கேட்டு வாங்கலாம். காப்பகம் இருந்தால், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டிலிருக்கும் அக்கா பள்ளிக்கு வருவாள்.

ஆகஸ்ட் 1ஐ மறப்பது

ஆசிரியர் எண்ணிக்கை ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரப்படியான மாணவர் எண்ணிக்கையை வைத்தே நிர்ணயமாகிறது. கட்டடத்தின் நாட்காட்டிக்கு இது தெரியாது. ஒரு தொடக்கப் பள்ளியில் ஆகஸ்ட் 1 அன்று 118 பிள்ளைகள் என்றால் 4 ஆசிரியர். அக்டோபரில் 60 பேர் வந்தால் 178. சட்டப்படி 5 ஆசிரியரும் ஒரு தலைமையாசிரியரும் வேண்டும், ஆனால் அந்த ஆண்டு முழுக்க 4 பேரே 44 பிள்ளைகளுக்கு ஒருவராகச் சமாளிப்பார்கள். அதனால் வீடுகளை ஒப்படைக்கும் தேதியை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். தனியார் திட்டம் என்றால் ரெரா எனப்படும் மனைவணிக ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவில் முடிவுத் தேதி இருக்கும். மே மாதமே வீடு வீடாக, கொட்டகை கொட்டகையாகக் கணக்கெடுத்து ஜூன், ஜூலையில் பிள்ளைகளை எமிஸில் (கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேடு) ஏற்றிவிடுங்கள். நவம்பரில் வருபவர்களுக்கு இது உதவாது. அவர்களுக்காக மாற்றுப் பணி ஆசிரியரை வட்டாரக் கல்வி அலுவலரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

எத்தனை பேர் என்று கணிக்கும்போது மாநிலச் சராசரியை அப்படியே பெருக்காதீர்கள். இளம் தம்பதிகள் வாங்கும் இரண்டு படுக்கையறை வளாகத்தில் முதல் வருடம் பள்ளி வயதுப் பிள்ளைகள் குறைவாகவும் கைக்குழந்தைகள் நிறையவும் இருப்பார்கள். ஒன்றாம் வகுப்பில் நெரிசல் நான்காம் ஐந்தாம் வருடத்தில் வரும். அரசு குடும்பங்களை மொத்தமாக இடம் மாற்றும் மறுகுடியமர்வு என்றால் எல்லா வகுப்புக்கும் ஒரே வாரத்தில் வரும்.

பெரும்பாக்கம் காட்டியது

சென்னையின் தென்புறத்தில் உள்ள மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் இரண்டு: கண்ணகி நகரில் 15,656 வீடுகள். பெரும்பாக்கத்தில் 20,000க்கும் மேல். கூவம், அடையாறு கரைகளிலிருந்து, குறிப்பாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, குடும்பங்கள் இங்கே கொண்டுவரப்பட்டன. பல தடவை கல்வியாண்டின் நடுவிலேயே. இங்கே நடந்த முதன்மையான தவறு வீட்டையும் வகுப்பறையையும் தனித்தனித் திட்டமாகப் பார்த்தது. ஒதுக்கீட்டு ஆணை ஒரு துறையில், பள்ளித் தரம் உயர்த்தல் இன்னொரு துறையில். நடுவே சிக்கிய பிள்ளை ஆண்டுத்தேர்வு முடியும்வரை பழைய பள்ளிக்கே போகட்டும் என்று பெற்றோர் முடிவெடுப்பார்கள். நகரத்துக்குள் போகும் முதல் பேருந்தைப் பிடிக்க விடியும் முன்பே கிளம்ப வேண்டும். பேருந்து தாமதமானால் பள்ளியில் காலை உணவும் போய்விடும். மாலை இருட்டிய பிறகு நிறுத்தத்திலிருந்து நடை. முதலில் நிற்கும் படிப்பு எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுடையது.

இடமாற்றம் தவிர்க்க முடியாதென்றால் தேதி மே மாதத்தில் அமைய வேண்டும். நடுவாண்டில் நடந்தே தீரும் என்றால், பழைய பள்ளி எமிஸில் பிள்ளையைப் பொதுத் தொகுப்புக்கு (வேறு பள்ளி எடுத்துக்கொள்ளக் காத்திருக்கும் பட்டியல்) அன்றே விடுவிக்கிறதா என்று பாருங்கள். அதைச் செய்யாதவரை புதிய பள்ளி தன் பதிவில் பெயரைச் சேர்க்க முடியாது. புத்தகம், சீருடை எல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும். தேர்வு வரை பழைய பள்ளிதான் என்றால் பள்ளி நேரத்துக்கான தனிப் பேருந்தை ஒதுக்கீட்டு நாளிலிருந்தே எழுதிக் கேளுங்கள்.

குடியேறியதும் ஆபத்து முடிந்துவிட்டது என்று நினைப்பது

டிப்பர் போனால் தண்ணீர் லாரி வரும். 1,000 வீடு, வீட்டுக்கு 3.5 பேர், ஆளுக்கு 135 லிட்டர்: நாளைக்கு 4,72,500 லிட்டர். குழாய் நீர் வராத இடத்தில் பாதியை ஆழ்துளைக் கிணறும் மறுசுழற்சியும் தந்தால்கூட மீதிக்கு 12,000 லிட்டர் லாரி 20 நடை. காலையில் தொட்டி காலியாகும் நேரமும் பள்ளி மணியும் ஒன்றுதான். 2025 ஜூனில் பெரம்பூரில் தாயுடன் வண்டியில் பள்ளிக்குப் போன 10 வயதுச் சிறுமி தண்ணீர் லாரி மோதி இறந்தாள். அதற்குத் தீர்வு போலீஸ் தடை மட்டும் இல்லை. வளாகத்துக்குள் இரண்டு நாள் தேவைக்கான தரைத்தொட்டி இருந்தால் லாரி இரவில் வந்து நிரப்பிவிட்டுப் போகலாம். இதைக் கேட்க வேண்டியது திட்ட அனுமதிக் கட்டத்தில். பிறகு தொட்டிக்கு இடம் இருக்காது.

விபத்து நடந்த மறுநாள் ஊரே சேர்ந்து போடும் தார் மேடு இன்னொரு தவறு. குட்டையாகவும் கூர்மையாகவும் இருந்தால் இருசக்கர வாகனம் தடுமாறும், லாரி பொருட்படுத்தாது. 25 கிலோமீட்டர் வேகத்துக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், வளைவான மேல்பரப்பு. வண்ணக்கோடும் முன்பலகையும் இல்லாத மேடு இரவில் தனி ஆபத்து. நடைபாதைக்குத் தடையற்ற அகலம் 1.8 மீட்டர், மின்மாற்றியும் கடையும் நிற்கும் இடத்தை அதில் சேர்க்காதீர்கள்.

தரைமட்டம், சுவர்

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றியுள்ள தாழ்ந்த பகுதிகளில் மனையை ஒரு மீட்டருக்கு மேல் மண் போட்டு உயர்த்தினால், தண்ணீர் பழைய மட்டத்திலேயே இருக்கும் பள்ளி மைதானத்தில் நிற்கும். தோண்டும் முன்பே பள்ளியின் நான்கு மூலைகளிலும் தரைமட்டத்தை அளந்து, படம் எடுத்து, தேதியுடன் வையுங்கள். மதில்சுவருக்கும் அப்படியே: ஏற்கெனவே இருக்கும் விரிசல்களின் மேல் கண்ணாடிப் பட்டையைச் சிமெண்டில் ஒட்டி வையுங்கள். பட்டை உடைந்தால் சுவர் அசைகிறது என்று பொருள். அன்றே பிள்ளைகளை அந்தப் பக்கம் போகவிடாதீர்கள். 2019 டிசம்பரில் மேட்டுப்பாளையம் அருகே நடூரில் மழையில் சுவர் சரிந்து 17 பேர் இறந்தார்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து 3 மாணவர்கள். யாரும் கவனிக்காத பழைய சுவர் முன்னறிவிப்புத் தராமல் விழலாம்.

ஒரே மனுவை எல்லோருக்கும் அனுப்புவது

பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்ட ஊராட்சி. காவல் தாம்பரம் ஆணையரகம். பக்கத்துச் செம்மஞ்சேரி சென்னை மாநகராட்சி. கட்டட அனுமதி சிஎம்டிஏவிடம் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), பள்ளி கல்வித் துறையிடம், சாலை நெடுஞ்சாலைத் துறையிடமோ உள்ளாட்சியிடமோ. பத்துக் கோரிக்கைகளை ஒரே தாளில் எழுதினால் ஒவ்வோர் அலுவலகமும் தன்னுடையதல்லாத ஒன்பதைக் காட்டித் திருப்பிவிடும். லாரி நேரத்துக்குப் போக்குவரத்துக் காவல், நிபந்தனை மீறலுக்கு மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையம், ஆசிரியருக்கு வட்டாரக் கல்வி அலுவலர், மேட்டுக்கும் நடைபாதைக்கும் சாலையின் உரிமையாளர் எனத் தனித்தனித் தாள். ஒவ்வொன்றுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மான நகல், மூன்று நாள் லாரி எண்ணிக்கை, மூன்று புகைப்படம். எண்ணிக்கையைச் செவ்வாய் முதல் வியாழன் வரை காலை 7.30க்கு எடுங்கள், சனிக்கிழமை எடுத்த கணக்கை யாரும் ஏற்க மாட்டார்கள். திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் நாளில் கொடுத்தால் பதிவு எண்ணை வாங்காமல் வெளியே வராதீர்கள்.