எதில் முதல், எப்போது முதல்? அறிவியல் பொது அறிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1729 என்ற எண்ணைத் தெரியாத வினாடி வினாக்காரர் இருக்க மாட்டார். கணித மேதை ராமானுஜன், அவரைப் பார்க்க வந்த கணிதப் பேராசிரியர் ஹார்டி, ஹார்டி ஏறிவந்த 1729 எண் டாக்சி என்று முழுக் கதையையும் சொல்லிவிடுவார்கள். சரி, அந்த எண்ணுக்கு என்ன சிறப்பு என்று கேட்டால், ‘இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண்’ என்று சட்டென்று விடை வரும். அது தவறு. 3-இன் கனம் 27, 4-இன் கனம் 64, இரண்டும் சேர்ந்தால் 91. 6-இன் கனம் 216. அதோடு மைனஸ் 5-இன் கனமான மைனஸ் 125-ஐச் சேர்த்தாலும் 91தான். ‘மிகை முழு எண்களின் கனங்கள்’ என்று சொன்னால்தான் 1729 சரியாகும்.

அறிவியல், பொறியியல், கண்டுபிடிப்புகள் பற்றிய பொது அறிவுக் கேள்விகளில் பெரும்பாலான தவறுகள் இப்படித்தான் பிறக்கின்றன. விடை நினைவில் இருக்கும். எந்த நிபந்தனையில் அது சரி என்பது கழன்று போயிருக்கும். பதில் சொல்பவர் மட்டுமல்ல, கேள்வி தயாரிப்பவரும் இதில் மாட்டிக்கொள்கிறார். சொல்லப்போனால் அவர்தான் அதிகம் மாட்டுகிறார்.

‘முதன்முதலில்’ என்ற சொல்

முதல் கணினி எது? எனியாக் என்று ஒருவர் சொல்வார். அமெரிக்காவில் உருவான அது 1946-இல் மக்கள் முன் காட்டப்பட்டது. ஆனால் பெர்லினில் கான்ராட் சூசே 1941-லேயே இசட்3 என்ற எந்திரத்தை ஓட்டிக் காட்டிவிட்டார். நிரல் கொடுத்தால் அதன்படி கணக்கிடும். ஆனால் அது ரிலேக்களால், அதாவது மின்சாரத்தால் திறந்து மூடும் இயந்திர சுவிட்சுகளால் ஆனது, மின்னணு எந்திரம் இல்லை. அமெரிக்காவில் அடனசாஃப், பெர்ரி இருவரும் செய்தது மின்னணு எந்திரம்தான். ஆனால் அது சமன்பாடுகளைத் தீர்க்க மட்டுமே பயன்படும், நிரலை மாற்றி வேறு வேலை வாங்க முடியாது. போர்க்காலத்தில் பிரிட்டனில் ஜெர்மானியச் சங்கேதங்களை உடைக்க உதவிய கொலோசஸ் மின்னணு எந்திரம், ஓரளவு நிரலையும் ஏற்கும். ஆனால் அப்படியொன்று இருந்ததே 1970-கள் வரை ரகசியம். ஆகவே ‘பொதுப் பயன்பாட்டுக்கான, மின்னணு, நிரல் ஏற்கும்’ என்ற மூன்று அடைமொழிகளும் சேர்ந்தால்தான் எனியாக் என்ற விடை நிற்கும். ஒன்றை எடுத்தாலும் வேறொருவர் முன்னால் வந்து நிற்பார். போதாக்குறைக்கு, 1973-இல் ஓர் அமெரிக்க நீதிமன்றம் எனியாக்கின் காப்புரிமையைச் செல்லாது என்று அறிவித்து, அடிப்படைக் கருத்து அடனசாஃபிடமிருந்து வந்தது என்றும் சொல்லிவிட்டது.

விமானமும் அப்படித்தான். 1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்களின் முதல் பறப்பு 12 விநாடிகள், 120 அடி. ஆனால் மனிதன் அதற்கு 120 ஆண்டுகளுக்கு முன்பே, 1783-இல், மாண்ட்கோல்ஃபியே சகோதரர்களின் வெப்பக்காற்று பலூனில் மேலே போய்விட்டான். 1890-களில் ஓட்டோ லிலியந்தால் எஞ்சின் இல்லாத கிளைடரில் பலமுறை பறந்திருக்கிறார். காற்றைவிடக் கனமான, எஞ்சின் பொருத்திய, ஓட்டுபவரின் கட்டுப்பாட்டில் இருந்த விமானம் என்று சொல்லும்போதுதான் ரைட் சகோதரர்களுக்கு இடம். இதில் ‘கட்டுப்பாடு’ என்பதுதான் அவர்களுடைய உண்மையான சாதனை. அதை விட்டுவிட்டு வெறும் தேதியை மட்டும் கேட்கும் கேள்விகளைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

இன்னும் சில, வேகமாக. நீராவி எஞ்சினை ஜேம்ஸ் வாட் கண்டுபிடிக்கவில்லை. நியூகோமனின் எஞ்சின் 1712-லேயே சுரங்கத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. வாட் சேர்த்தது நீராவியைத் தனியே குளிர்விக்கும் கலன், காப்புரிமை 1769. தொலைநோக்கி கலிலியோவுடையது அல்ல. 1608-இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் லிப்பர்ஹே அதற்குக் காப்புரிமை கேட்டார், மறுவருடம் கலிலியோ தானே ஒன்றைச் செய்து வானத்தின் பக்கம் திருப்பினார். ஹென்றி ஃபோர்டு காரைக் கண்டுபிடிக்கவில்லை. கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்றுவிட்டார். ஃபோர்டின் தொழிற்சாலை 1913-இல் செய்தது, கார் தானாக நகர்ந்து தொழிலாளியிடம் வரும்படி உற்பத்தி வரிசையை அமைத்தது. இணையம் வேறு, வலை வேறு: டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் முன்வைத்தது உலகளாவிய வலை. அது ஏறி ஓடும் வலையமைப்பின் முன்னோடியான ஆர்ப்பாநெட் 1969-லேயே தொடங்கியாயிற்று.

எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறுதான்

மேலே சொன்னதையெல்லாம் படித்தவர்களிடம் அப்புறம் இன்னொரு வியாதி வரும். ‘எடிசன் எதையுமே கண்டுபிடிக்கவில்லை, பெல் ஒரு திருடர், வானொலி டெஸ்லாவுடையது’ என்று ஒரே போடாகப் போடுவது. பாடப்புத்தகப் பதிலைவிட இது ஆபத்தானது, ஏனென்றால் விவரம் தெரிந்தவர் பேசுவது போல இருக்கும்.

எடிசனுக்கு முன்பே பலர் மின்விளக்கை எரிய வைத்தார்கள், உண்மை. இங்கிலாந்தில் ஜோசஃப் ஸ்வானும் அதே காலத்தில் கார்பன் இழை விளக்கைக் காட்டினார். ஆனால் நீண்ட நேரம் எரியும் விளக்கு, அதற்கு மின்சாரம் தர 1882-இல் நியூயார்க் பேர்ல் தெருவில் மின் நிலையம், கம்பி, மீட்டர் என்று ஒரு முழு அமைப்பையே நிறுவியது எடிசன் குழு. தொலைபேசி விஷயத்தில் அன்டோனியோ மெயூச்சி 1871-லேயே காப்புரிமை முன்னறிவிப்பு தாக்கல் செய்தவர். 2002-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை அவருடைய பணியைப் பாராட்டித் தீர்மானம் போட்டது. பெல்லின் 1876-ஆம் ஆண்டுக் காப்புரிமையை அந்தத் தீர்மானம் ரத்து செய்யவில்லை. வானொலியில் 1943-ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எல்லோரும் காட்டுவார்கள். அது மார்கோனியின் ஒரு குறிப்பிட்ட காப்புரிமையின் முக்கியக் கோரிக்கைகளைச் செல்லாது என்றது. ‘வானொலியைக் கண்டுபிடித்தவர் டெஸ்லா’ என்று எங்கும் சொல்லவில்லை. இதே வானொலிக் கதையில் ஹெர்ட்ஸ், லாட்ஜ், 1895-இல் கல்கத்தாவில் மில்லிமீட்டர் அலைகளை (மிகக் குறுகிய வானொலி அலைகளை)க் காட்டிய ஜகதீஷ் சந்திர போஸ் எல்லோருக்கும் பங்கு உண்டு. ஒரே பெயரைக் கேட்கும் கேள்விக்கு இந்த விஷயம் ஒத்துவராது. அவ்வளவுதான்.

‘மிக அதிகம்’ எங்கே?

மிக அதிகமாக உள்ள தனிமம் எது? காற்றில் என்றால் நைட்ரஜன். புவியின் மேலோட்டில் என்றால் ஆக்சிஜன். அதே மேலோட்டில் உலோகம் மட்டும் என்றால் அலுமினியம். ஒட்டுமொத்தப் புவியின் நிறையில் என்றால் இரும்பு. பிரபஞ்சத்தில் என்றால் ஹைட்ரஜன். ஒரே கேள்வி, ஐந்து விடைகள், ஐந்தும் சரி. அவசரத்தில் கேள்வியின் முதல் பாதியைப் படித்துவிட்டு பஸ்ஸரை அமுக்குபவர்கள் தோற்பது இங்கேதான்.

நீளமான பாலம் எது என்ற கேள்வியும் இதே ரகம். மொத்த நீளம் என்றால் சீனாவின் தன்யாங்–குன்ஷான் ரயில் பாலம், ஏறத்தாழ 165 கிலோமீட்டர். இரண்டு கோபுரங்களுக்கு இடையிலான தொங்குபால இடைவெளி என்றால் 1998 முதல் ஜப்பானின் ஆகாஷி கைக்யோ, 1,991 மீட்டர். 2022-இல் துருக்கியின் 1915 சனக்கலே பாலம் 2,023 மீட்டருடன் அதை முந்தியது. இந்தப் பாலத்தில் பெயரில் ஓர் ஆண்டு, இடைவெளியில் ஓர் ஆண்டு, திறந்தது வேறோர் ஆண்டு. கேள்வி தயாரிப்பவருக்கு லட்டு, மனப்பாடம் செய்பவருக்குத் தலைவலி. பொறியியலில் உண்மையான சவால் இடைவெளிதான் என்பதால், எதைக் கேட்கிறோம் என்று கேள்வியிலேயே எழுதிவிடுவது நல்லது.

அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் தனிமம்? பாதரசம் என்று எழுதியிருக்கும் விடைக்குறிப்பு புரோமினை மறந்துவிடுகிறது. ‘உலோகம்’ என்று சேர்த்தால் பாதரசம் தப்பிக்கும், அதுவும் சுமார் 28 டிகிரி வரைதான். சீசியம் 28.5 டிகிரியில் உருகும், காலியம் 29.8-இல். 30 டிகிரி உள்ள அறையில் விடைக்குறிப்பு கெட்டுவிடும்.

காலாவதியான விடைகள்

பழைய கேள்வித் தொகுப்புகளைத் தூசி தட்டிப் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியவை உண்டு. புளூட்டோ 2006-இல் குறுங்கோள் ஆனது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கிலோகிராம் இப்போது பாரிஸ் அருகே கண்ணாடிக்குள் இருக்கும் பிளாட்டினம்–இரிடியம் உருளை அல்ல, 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலி என்ற இயற்பியல் நிலை எண்ணைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது என்பது பல தொகுப்புகளில் இன்னும் ஏறவில்லை. தனிமங்கள் 118, கடைசி நான்குக்கு 2016-இல்தான் பெயர் வந்தது. நிலவுகளின் எண்ணிக்கை இருக்கிறதே, அதைக் கேட்கவே வேண்டாம் என்பேன். வியாழனா சனியா என்று மாறி மாறிப் போய், 2025-இல் சனிக்கு மட்டும் 128 புதிய நிலவுகள் சேர்ந்து 274 ஆயின. எண்ணிக்கை நாளை மாறும் என்றால் ‘எந்தத் தேதி நிலவரப்படி’ என்று கேள்வியில் இருக்க வேண்டும்.

நோபல் பரிசு தனி வலை. ஐன்ஸ்டைனுக்குப் பரிசு கிடைத்தது சார்பியலுக்காக அல்ல. ஒளிமின் விளைவின் விதிக்காக. 1921-ஆம் ஆண்டுக்கான பரிசு, அறிவித்தது 1922-இல். ராமன் விளைவு 1928, பரிசு 1930. பெனிசிலின் என்றால் ஃபிளெமிங் பெயர் மட்டும் வரும். 1945-இல் ஃபுளோரி, செயின் ஆகியோருடன் பகிர்ந்த பரிசு அது. ஃபிளெமிங் பூஞ்சையில் பார்த்ததை மருந்தாக மாற்றியது அந்த இருவரின் குழு.

‘ஏன்’ கேள்விகள்

பெயர்களும் ஆண்டுகளும் தெரிந்தவர்கள் தடுமாறும் இடம் இது. விண்வெளி நிலையத்தில் மிதப்பது ஏன்? ‘அங்கே ஈர்ப்பு விசை இல்லை’ என்பார்கள். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு, தரையில் உள்ளதில் ஏறத்தாழ 90 விழுக்காடு அப்படியே இருக்கிறது. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் ஒன்றாகப் புவியை நோக்கி விழுந்துகொண்டே, பக்கவாட்டு வேகத்தால் அதைச் சுற்றிக்கொண்டும் இருக்கிறார்கள். அதனால்தான் மிதப்பு. ஈர்ப்பு இல்லையென்றால் நிலையம் சுற்றவே சுற்றாது, நேராகப் போய்விடும்.

விமான இறக்கைக்கு ஒரு புகழ்பெற்ற பொய் விளக்கம் உண்டு: மேற்புறம் வளைவாக இருப்பதால் மேலே போகும் காற்று அதிக தூரம் கடந்து, கீழே போகும் காற்றோடு பின்முனையில் ஒரே நேரத்தில் சேர வேண்டும், அதனால் வேகமாகப் போகிறது என்று. ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உண்மையில் மேலே போகும் காற்று முன்னதாகவே வந்துவிடுகிறது. இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. தலைகீழாகவும் விமானம் பறக்க முடிவது இதனால்தான்.

அலகுகளில் இரண்டு மட்டும் சொல்கிறேன். ஒளியாண்டு தூரம், காலம் அல்ல. கிலோவாட் என்பது திறன், கிலோவாட் மணி என்பது ஆற்றல்; செய்தித்தாள்களே இரண்டையும் குழப்புகின்றன. எண்களைத் தனித்தனியாக உருப்போடாமல் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால் தவறு குறையும். சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில், ஒளி விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். வகுத்தால் 500 விநாடி, அதாவது 8 நிமிடம் 20 விநாடி. மூன்றில் ஒன்று மறந்தாலும் மற்ற இரண்டிலிருந்து எடுத்துவிடலாம்.

கேள்வி தயாரிப்பவரும், ஊகிப்பவரும்

‘மின்சாரத்தைக் கண்டுபிடித்தவர் யார்?’ என்ற கேள்வி இன்னும் உலவுகிறது. 1600-இல் கில்பர்ட், 1752-இல் ஃபிராங்க்ளின், 1800-இல் வோல்டா, 1831-இல் ஃபாரடே, யாரை எழுதினாலும் பாதிதான் சரி. முதல் மின்கலத்தைச் செய்தவர், மின்காந்தத் தூண்டலைக் காட்டியவர் என்று கேட்டால் ஒரே விடை வரும்.

கொள்குறி வினாவில் தவறான விருப்பங்களுக்கும் உழைக்க வேண்டும். எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தவர் என்று கேட்டு ரான்ட்ஜென், பெக்கரல், ஜே.ஜே. தாம்சன், மேரி கியூரி என்று நால்வரைக் கொடுத்துப் பாருங்கள். 1895-இல் எக்ஸ் கதிர், 1896-இல் கதிரியக்கம், 1897-இல் எலக்ட்ரான், 1898-இல் பொலோனியமும் ரேடியமும். அடுத்தடுத்த நான்கு ஆண்டுகள். விருப்பங்களில் ஆர்க்கிமிடிஸ் போன்ற பொருந்தாத பெயர் இருந்தால் விடை தெரியாதவர் அதைத் தள்ளிவிட்டுத் தப்பிப்பார், இங்கே அப்படித் தப்பிக்க முடியாது. தவறாகச் சொன்னவரும் பிறகு தேடிப் பார்த்தால் அந்த வரிசையைக் கற்றுக்கொள்வார்.

பதில் சொல்பவருக்குக் கடைசியாக ஒரு கணக்கு. நான்கு விருப்பங்கள், தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு நெகட்டிவ் மார்க் என்றால், எதுவுமே தெரியாமல் குத்துமதிப்பாக அடிப்பதில் சராசரி லாபம் பூஜ்யம். ஒரே ஒரு விருப்பத்தைத் தவறு என்று உறுதியாக நீக்க முடிந்தாலும் சராசரியாகக் கேள்விக்கு ஒன்பதில் ஒரு பங்கு மதிப்பெண் லாபம். இரண்டை நீக்கினால் மூன்றில் ஒரு பங்கு. எனவே ஒன்றையாவது நீக்க முடிந்த கேள்வியைக் காலியாக விட வேண்டாம். எதையும் நீக்க முடியாததில் உட்கார்ந்து நேரத்தைக் கரைக்கவும் வேண்டாம். ‘அல்லாதது எது’, ‘பொருந்தாதது எது’ என்று முடியும் கேள்விகளில் மட்டும் நீக்கும் திசை தலைகீழ் என்பதால், அந்தக் கடைசிச் சொல்லை முதலில் பேனாவால் வட்டமிட்டுவிட்டு விருப்பங்களுக்குப் போங்கள்.