பூட்டிக் கிடக்கும் கழிப்பிடத்தைத் திறக்க வைப்பது எப்படி?

உங்கள் தெருமுனையில் மாநகராட்சிக் கழிப்பிடம் இருந்தும் பூட்டிக் கிடக்கிறதா, திறந்திருந்தால் தண்ணீர் இல்லையா, வாசலில் ஒருவர் உட்கார்ந்து காசு கேட்கிறாரா? முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: சென்னை மாநகராட்சியின் பொதுக் கழிப்பிடங்களுக்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்டால் அதுவே புகார் கொடுக்கப் போதுமான விஷயம்.

புகாருக்கு முன்னால் நேரில் போய்ப் பாருங்கள், காலையில் ஒருமுறை, இருட்டிய பிறகு ஒருமுறை. தாழ்ப்பாள் விழுகிறதா, லைட் எரிகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, பக்கெட்டும் மக்கும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். பெண்கள் பக்கத்தை மறக்காமல் பாருங்கள், ஏனென்றால் ஆண்கள் பக்கம் திறந்திருக்கும்போதே அந்தப் பக்கம் மட்டும் துடைப்பமும் பினாயில் கேனும் போட்டுவைக்கும் அறையாக மாறிப் பூட்டியிருக்கும், ஆண்கள் யாரும் அதைக் கவனிப்பதே இல்லை. போட்டோ எடுங்கள், ஆனால் ஆட்கள் தெரியாமல். அங்கே சுத்தம் செய்கிறவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். மோட்டார் ரிப்பேரானால் அவர் என்ன செய்ய முடியும்?

அப்புறம் 1913-க்குப் போன் செய்யுங்கள், அல்லது ‘நம்ம சென்னை’ செயலியில் பதியுங்கள். ‘கழிப்பிடம் சரியில்லை’ என்று மொட்டையாகச் சொன்னால் வேலை நடக்காது. ‘இன்ன தெருவில், இன்ன கடைக்கு எதிரே உள்ள கழிப்பிடத்தில் பெண்கள் பக்கம் மாலை ஆறு மணிக்கே பூட்டப்படுகிறது, இரண்டு கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை’ என்று சொல்லுங்கள். புகார் எண்ணைப் பத்திரமாக வையுங்கள். வேலையே நடக்காமல் ‘முடிந்தது’ என்று மெசேஜ் வந்தால் விட்டுவிடாதீர்கள், பழைய எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி பதியுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் வார்டு உதவிப் பொறியாளரையும் (ஏ.இ.) கவுன்சிலரையும் பாருங்கள், பிறகு மண்டல அலுவலகம். உதாரணத்துக்கு, வடசென்னையில் மட்டும் திருவொற்றியூர், மணலி, மாதவரம் என்று பல மண்டலங்கள் இருக்கின்றன, உங்கள் வார்டு எதில் வருகிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். மனுவை இரண்டு பிரதியாக எடுத்துப்போய் ஒன்றில் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் ரொம்ப நம்புவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத்தான். வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். ‘ஏன் சுத்தமாக இல்லை’ என்று கேட்காதீர்கள். இந்தக் கழிப்பிடத்தைப் பராமரிக்கும் ஒப்பந்ததாரர் யார், ஒரு நாளைக்கு எத்தனை முறை சுத்தம் செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, கடைசியாக எவ்வளவு பணம் கொடுக்கப்பட்டது, திறந்திருக்க வேண்டிய நேரம் என்ன என்று கேளுங்கள்.

கழிப்பிடமே இல்லாத இடம் என்றால் வேலை கொஞ்சம் பெரியது. காசிமேட்டில் விடியலிலேயே மீன் எடுத்துக்கொண்டு கூடையோடு கிளம்பும் அக்காக்களும், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் பெண்களும், போக இடம் இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள், அதன் பலன் நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரி டிரைவர்களுக்குச் சாலையோரம்தான். இதை எல்லாம் மனுவில் எழுதுங்கள், யார், எந்த நேரத்தில், எத்தனை பேர் என்று. குடியிருப்புப் பகுதிக்கான சமுதாயக் கழிப்பிடம் என்றால் 25 பெண்களுக்கு ஒரு இருக்கை, 35 ஆண்களுக்கு ஒரு இருக்கை என்பது தூய்மை இந்தியா திட்டத்தின் கணக்கு, அதையும் சேருங்கள். சாய்தளம், நாப்கின் போடக் கூடை, குடிநீர்க் குழாய் என்று வேண்டியதை முதலிலேயே எழுதிவிடுங்கள், கட்டிமுடித்த பிறகு கேட்டால் கிடைக்காது.

‘எங்க வீட்டு வாசல்ல வேண்டாம்’ என்று எதிர்ப்பு வரும். நாற்றத்துக்குப் பயந்துதான் சொல்கிறார்கள், அந்தப் பயம் நியாயமானது. அதனால் பாதாளச் சாக்கடை லைன் பக்கத்தில் ஓடுகிற, இரவில் ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் இருக்கிற ஓர் இடத்தை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள், பராமரிப்புக்கு ஆள் வேண்டும் என்பதையும் மனுவிலேயே கேளுங்கள். உங்கள் பகுதி மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபை நடக்கும்போது அந்தப் பெண்களையே அழைத்துப்போய்ப் பேச வையுங்கள். அவர்கள் வேலை முடிந்து வருகிற நேரத்தில் கூட்டத்தை வைக்கச் சொல்லி கவுன்சிலரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அதுவரை அவசரத்துக்கு எந்தப் பெட்ரோல் பங்கிலும் கழிப்பறையைக் கேளுங்கள். கழிப்பறை, குடிநீர், டயருக்குக் காற்று மூன்றும் அங்கே இலவசமாகத் தர வேண்டியவை. சாவி இல்லை என்றால் புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி எழுதுங்கள்.