விடியப்புறம் எழும்பும்போது கவனம்

கல்லடியில் எங்கள் அம்மம்மா நாலு மணிக்கே எழும்பி இருட்டில் கிணற்றடிக்குப் போவார். பகலில் கம்பு இல்லாமல் கோயிலுக்கு நடக்கிறவர், அந்த நேரத்தில் மட்டும் கதவு நிலையைப் பிடித்துத் தள்ளாடுவார். வயது மட்டும் காரணமில்லை. உடம்புக்குள் ஓடும் 24 மணிக் கடிகாரப்படி, விடியப்புறம் 4, 5 மணிக்கு உடல் வெப்பமும் விழிப்பும் அடிமட்டத்தில் இருக்கும். அதோடு, சடாரென எழும்பினால் இரத்த அழுத்தமும் இறங்கலாம்.

ஆகவே முழித்ததும் கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் இருங்கள். கணுக்காலைப் பத்துத் தரம் மேலும் கீழும் ஆட்டுங்கள். அப்புறம் எதையாவது பிடித்து எழும்பி, அதே இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். டோர்ச் தலைமாட்டில் இருக்கட்டும் (அதைத் தேடப் போய் விழுந்தவர்களும் உண்டு!). பிரஷர் குளிசை எடுப்பவருக்குத் தலை சுற்றினால், தானாக நிறுத்தாமல் கிளினிக்கில் சொல்லவேண்டும்.