கைவிட்ட வெள்ளக்கல் பள்ளத்தை ஊரே சோதித்துப் பார்ப்பது எப்படி

நான் சேலத்தில் வெள்ளக்கல் (மேக்னசைட்) சுரங்கத்தில் மைனிங் மேட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். ஷிப்டு தொடங்கும் முன் பள்ளத்துக்குள் முதல் ஆளாக இறங்கிச் சுற்றிப் பார்ப்பது மேட்டின் வேலை. மேலே கல் தொங்குகிறதா, முந்தின நாள் பாறை உடைக்க வைத்த வேட்டில் வெடிக்காத மருந்துத் தோட்டா எங்காவது கிடக்கிறதா, விளிம்பில் புதிதாக வெடிப்பு விட்டிருக்கிறதா என்று பார்த்து, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மற்றவர்கள் இறங்குவார்கள். சுரங்கம் நின்ற அன்றே அந்தச் சோதனையும் நின்றுவிடுகிறது. பம்ப் ஓடாது, காவலாளி இருக்கமாட்டார், வேலிக் கம்பி பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். செட்டிச்சாவடி, வெள்ளக்கல்பட்டி, குரும்பப்பட்டிப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அந்த நோட்டை இனி நீங்கள் எழுதுங்கள்.

வருடத்துக்கு மூன்று முறை போதும். முழுப் பரீட்சை விடுமுறைக்கு முன் ஒன்று, புரட்டாசியில் பெருமழைக்கு முன் ஒன்று, மழை ஓய்ந்து மார்கழியில் ஒன்று. மூன்று பெரியவர்களாவது சேர்ந்து போங்கள். அதில் ஒருவர் அங்கே வேலை பார்த்தவராகவோ ஆடு மேய்ப்பவராகவோ இருந்தால் நல்லது. எந்தத் தடம் போன வருடம் இருந்தது, இப்போது எது காணாமல் போனது என்று அவர்களுக்குத்தான் தெரியும். பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள். எல்லைக்கு வெளியே உள்ள பொதுப் பாதையிலிருந்து மட்டும் பாருங்கள், பள்ளத்துக்குள் இறங்கவே வேண்டாம். நல்ல பூட்ஸ், நீளமான கம்பு, அளவு டேப், சுண்ணாம்புக் கரைசல், சிவப்புத் துணி, நோட்டு இவ்வளவு போதும்.

முதலில் விளிம்பு. சீமைக்கருவேலம் வளர்ந்து மூடிவிட்டதால் பள்ளம் எங்கே தொடங்குகிறது என்றே பல இடங்களில் தெரியாது. கம்பால் தட்டிப் பார்த்துத்தான் அடி வைக்க வேண்டும். பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரம் விலகி நடங்கள் என்பது என் கணக்கு. 1961ஆம் வருடத்து உலோகச் சுரங்க ஒழுங்குமுறைப்படி, இளகிய மண்ணும் சரளையும் உள்ள பக்கச்சுவர் 45 பாகைக்கு மேல் நிமிர்ந்து நிற்கக் கூடாது; இல்லாவிட்டால் 1.5 மீட்டருக்கு மிகாத உயரத்தில் படிப்படியாக வெட்டியிருக்க வேண்டும், படியின் அகலம் அதன் உயரத்துக்குக் குறையக் கூடாது. இப்போது போய்ப் பார்த்தால் படிகள் உதிர்ந்து ஒரே செங்குத்தாக நிற்கும் இடங்கள் கண்ணில் படும். அவற்றை முதலில் குறியுங்கள்.

விளிம்புக்கு இணையாக ஓடும் வெடிப்பு, பள்ளத்துப் பக்கம் சாய்ந்த மரம், புதிதாக விழுந்த கற்குவியல், சுவரின் நடுவில் கசியும் ஈரம் ஆகிய நான்கும் சரிவு வரப்போவதற்கான அறிகுறிகள். பாதைக்கோ வீட்டுக்கோ பக்கத்தில் வெடிப்பு இருந்தால், விளிம்பு தூரத்தில் இருக்கும்போது மட்டும், வெடிப்பின் இரு புறமும் ஒவ்வொரு முளை அடித்து இடைவெளியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கனமழைக்குப் பிறகும் மறுபடி அளங்கள். ஒரு விரல்கடை கூடியிருந்தாலும் அந்தப் பாதையை உடனே அடைத்துவிடுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: தோட்டத்துக்காக யாராவது மோட்டார் வைத்துப் பள்ளத்துத் தண்ணீரை வேகமாக இறைத்தால், அதுவரை சுவரைத் தாங்கியிருந்த தண்ணீர் போய்விடும், ஆனால் சுவருக்குள் ஊறிய ஈரம் அப்படியே இருக்கும். அந்தச் சமயத்தில்தான் கரை சட்டென்று உட்காரும்.

அடுத்தது தண்ணீர். எனக்கு அதிகம் பயம் இதில்தான். கந்தகம் கலந்த தாது வெட்டிய சுரங்கங்களில் தண்ணீர் புளித்து, துருநிறமாக ஓடும். பார்த்தாலே யாரும் கிட்டப் போகமாட்டார்கள். நம்முடையது மெக்னீசியம் கார்பனேட் கல், அமிலத்தை அதுவே முறித்துவிடும். அதனால் தண்ணீர் பச்சையும் நீலமுமாகத் தெளிந்து அழகாகக் கிடக்கிறது. பையன்கள் செல்போனில் படம் எடுக்க அங்கேதான் போகிறார்கள். ஏரியில் கரை மெல்ல மெல்ல ஆழமாகும். இங்கே ஓர் அடி தள்ளினாலே கால் ஊன்ற இடமில்லை, பிடித்து ஏறப் படியும் இல்லை. மேல்தண்ணீர் வெதுவெதுப்பாகவும் கீழே சில்லென்றும் இருக்கும். அடியில் இரும்புச் சாமானும் முள்ளும் கிடக்கும். நீச்சல் தெரிந்தவனும் ஏறி வர வழியில்லாமல்தான் சோர்ந்துபோகிறான்.

அதனால் பிள்ளைகள் இறங்கும் தடங்களைக் கண்டுபிடித்து முள் வெட்டிப் போட்டு அடையுங்கள். தடம் தொடங்கும் இடத்திலேயே ஒரு மரத்தில் நீளமான நைலான் கயிறும், மூடியை இறுக்கி மூடிய காலி 20 லிட்டர் வாட்டர் கேனும் கட்டித் தொங்கவிடுங்கள். யாராவது விழுந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். கேனை அவருக்கு அப்பால் விழும்படி எறிந்து இழுங்கள். கயிறு இல்லையென்றால் சேலைகளை முடிச்சுப் போட்டாவது வீசுங்கள். ஒருவர் உடனே 101 அல்லது 112க்குப் பேசட்டும். வெளியே எடுத்ததும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் வேண்டாம். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்துக் காற்று ஊதி, பிறகு மார்பின் நடுவில் 30 முறை அழுத்தி 2 முறை ஊத வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை இதை நிறுத்தக் கூடாது. இதை ஊரில் நான்கைந்து பேராவது முறையாகக் கற்றுவைத்திருக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

வெடிமருந்துக்கு வருவோம். சுண்டுவிரலைவிட மெல்லிய, வெள்ளி நிறக் குழாய், அதிலிருந்து நிறம் நிறமாக இரண்டு ஒயர் வந்தால் அது கேப், அதாவது டெட்டனேட்டர். ஒயரில் செம்பு இருக்கும் என்று பிள்ளைகள் இழுப்பார்கள், விரல்கள் போய்விடும். பாறையில் துளை இருந்து அதிலிருந்து ஒயர் நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளே வெடிக்காத தோட்டா இருக்கக்கூடும். எத்தனை மழை நனைந்திருந்தாலும் செத்த மருந்து என்று நினைக்காதீர்கள். தொடாமல், கல் எறியாமல், தூரத்தில் சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போலீசுக்குச் சொல்லுங்கள்.

வெள்ளக்கல் சுட்ட பழைய சூளைகளுக்குள் யாரும் ஒதுங்க வேண்டாம், செங்கல் கட்டு எப்போது வேண்டுமானாலும் விழும். மண்மேட்டில் காற்று அடிக்கும்போது துண்டைக் கட்டிக்கொள்வது போதாது, என்95 முகக்கவசம் போடுங்கள். பச்சைக் கல் நார் நாராகப் பிரிந்தால் அது கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். அதை உடைக்கவும் வேண்டாம், வீட்டு வாசலில் கொட்டவும் வேண்டாம்.

கிணற்று நீரைச் சோதிப்பது இன்னொரு வேலை. வெள்ளக்கல் கிடைக்கும் டுனைட் பாறையில் குரோமியமும் நிக்கலும் இயல்பாகவே உண்டு. பள்ளத்தை ஒட்டிய கிணறு, போர்வெல் ஒவ்வொன்றிலும் மழைக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுங்கள். அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று முறை அலசி, நிரப்பி, இடமும் தேதியும் எழுதிக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். குரோமியம், நிக்கல் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், அதற்குத் தனிப் பாட்டில் தருவார்கள். சாதாரணச் சோதனையில் அவை வராது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு அதிகபட்சம் மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராம், நிக்கல் 0.02, மெக்னீசியம் 30 (வேறு நீர் இல்லாவிட்டால் 100 வரை). கொதிக்கவைத்தால் உலோகம் போகாது, நீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும்.

ஏற்காட்டில் பாக்சைட் (அலுமினியத் தாது) வெட்டிய இடங்களில் கவலை வேறு. அங்கே ஆழம் குறைவு, ஆனால் மேல்மண் போன செம்மண் மழையில் கரைந்து ஓடைக்கு வரும். ஓடை எந்த இடத்திலிருந்து சிவக்கிறது என்று மேல்நோக்கி நடந்து பார்த்துக் குறித்தால் போதும்.

எழுதிய நோட்டைப் படங்களோடு மனுவாக்கி, திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். புவியியல் மற்றும் சுரங்கத் துறைக்கும் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்துக்கும் நகல் அனுப்புங்கள். "ஆபத்தாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் கோப்பில் கிடக்கும். எந்தப் பள்ளம், பள்ளிக்கூடத்திலிருந்து எத்தனை மீட்டர், எந்தப் பக்கம் வேலி இல்லை, வெடிப்பு எத்தனை சென்டிமீட்டர் கூடியது என்று எழுதுங்கள். வேலியும் எச்சரிக்கைப் பலகையும் முதலில் கேளுங்கள், பள்ளத்தை மூடுவதை இரண்டாவதாக. ஊராட்சிப் பகுதி என்றால் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமும் போட்டு, அந்த நகலை அடுத்த மனுவோடு இணையுங்கள்.